வெள்ளை மூத்தது

கேசி கட்டத்தில் என் நாற்காலிக்கு
மூன்று கால் மரம், ஒரு கால் செங்கல்.
குதிரையாக வந்த கேசியை
வாய்க்குள் கைவிட்டுக் கண்ணன் கொன்ற துறை.
அந்தப் பிடரி மயிர் என்ன ஆனதென்று
எந்த ஏட்டிலும் இல்லை.
தொழில் புத்தி, கேட்கத் தோன்றுகிறது.

புதன்கிழமை இருவர் வந்தார்கள்.
ரசிகானந்த கோசுவாமி, நதியாவிலிருந்து வந்து
பிருந்தாவனத்தில் தங்கிவிட்ட குடும்பம்.
மற்றவர் உடுப்பிப் பக்கத்துக்காரர், ஸ்ரீபதி தந்திரி,
காலையில்தான் மதுராவில் ரயில் இறங்கியவர்.
ஒருவர் தலை என் கத்தியின் கீழ்.
மற்றவர் படியில், வேட்டியை மடித்துக்கொண்டு.

பூமி பாரம் தாங்காமல் அழுதபோது
நாராயணன் தன் தலையிலிருந்து
இரண்டு முடியைப் பிடுங்கித் தந்தாராம்.
வெள்ளை பலராமன் ஆனது.
கறுப்பு கண்ணன் ஆனது.
ஓர் ஏட்டில் இப்படி.
இன்னோர் ஏட்டிலோ
வந்தவர் பங்கும் இல்லை, துண்டும் இல்லை,
அவரேதான், மொத்தமாக,
வைகுண்டத்தில் மிச்சம் வைக்காமல்.

"கேசம் என்றால் அங்கே ஒளி" என்றார் கோசுவாமி.
தலை அசைந்தது. அசையாதீர்கள் என்றேன்.
"கேசம் என்றால் கேசம்தான்.
இந்த வேலைக்கு ஒரு முடி போதும்
என்று காட்டினார்."
"முடி எப்படி ஐயா மலையைத் தூக்கும்?"
"ஏன் தூக்காது? யாருடைய முடி!"

சோப்பு காய்ந்துவிட்டது. மறுபடி நுரைத்தேன்.

அதற்குள் பேச்சு எங்கோ போயிருந்தது.
அவதாரம் பத்து என்கிறது ஒன்று,
இருபத்திரண்டு என்கிறது ஒன்று,
எண்ணி முடித்த அதே மூச்சில்
எண்ணவே முடியாது என்கிறதாம்.
ஒன்பதாவது ஆள் புத்தர்,
அசுரரை ஏய்க்க வந்தவர்;
இல்லை, ஆட்டுக்கு இரங்கி வந்தவர்;
இல்லை, அந்த இடமே பலராமனுடையது.
போன குளிர்காலம் ஒரு பர்மியப் பிக்கு
இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
உங்கள் ஆள் எங்கள் ஒன்பதாவது என்றேன்.
நாற்பது ரூபாய் தந்து சிரித்தார்.
எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை தெரியாது.

"உன் பெயர் என்னப்பா?"
பூரன் என்றேன்.
"பார்த்தீரா, பூரணம்!" என்று
தொடையைத் தட்டினார் கோசுவாமி.
என் இடதுகையில் சுண்டுவிரல் இல்லை,
கரும்பு மிஷினில் போனது.
பெயர் வைத்த நாளில் இருந்தது.

வாய் சும்மா இருக்கவில்லை.
சாமி, முப்பத்தோரு வருஷமாகத் தலை பார்க்கிறேன்.
கறுப்பு முந்தி வரும், நரை பிந்தி வரும்.
உங்கள் கதையில் வெள்ளை அண்ணன், கறுப்பு தம்பி.
அது கிடக்கட்டும்.
மூப்பே இல்லாதவர் தலையில்
வெள்ளை முடி எப்படி வந்தது?
யாரை நினைத்து நரைத்தது?

கத்தி நகரும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
படித்துறைக் குரங்கு ஒன்று
யாரோ ஒருவரின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.
பிறகு இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள்,
ஒரே கட்சியாக, என்னை எதிர்த்து.
இலக்கணம் சொன்னார்கள். உரை சொன்னார்கள்.
உரைக்கு உரை சொன்னார்கள்.
நடுவே இடம் மாறி உட்கார்ந்ததுகூட
அவர்களுக்குத் தெரியவில்லை.
தந்திரி தலையையும் முடித்தேன்.

காசு கொடுத்தார்கள்.
கோசுவாமி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள், வாதாடியபடியே.
துணியை உதறினேன்.
இரண்டு தலையின் மயிரும் படியில் கலந்து கிடந்தது,
எது உடுப்பி எது நதியா என்று
பெருக்குகிறவனுக்கு என்ன கவலை.
ஆனால் ஒன்றே ஒன்று
ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு.
நுனிதான் பழசு. அடிதான் புதுசு.
ஒரே முடி.
கூப்பிட்டுக் காட்டலாம் என்று நிமிர்ந்தேன்,
சந்து திரும்பிவிட்டார்கள்.

இரவு ரொட்டியில் முடி கிடந்தது.
"உங்களுதா, என்னுதா?" என்றாள் சர்பதி.
எங்கள் இருவருக்குமே நரைத்திருக்கிறது.
இரண்டு விரலால் நீட்டிப் பிடித்து,
விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவா என்றேன்.